பக்கத்து வீட்டு வேதத்தை நான் படித்த விதம்

திருமுல்லைவாயிலில் நான் மனை வாங்கியபோது, பக்கத்து மனையை வாங்கியிருப்பவர் கிறிஸ்தவர் என்று தரகர் இழுத்து இழுத்துச் சொன்னார். அவரிடம் என்னைப் பற்றியும் அதே இழுவையோடுதான் சொல்லியிருக்கிறார். இருவருமே "அதுக்கு இன்னா இப்போ, பத்திரம் சரியா இருக்கான்னு பாருய்யா" என்று அவரை அதட்டியிருக்கிறோம். பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம்.

அவர் ஆவடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எனக்கு அவர் 'சார்'. அவருக்கு நான் 'பாய்'. எங்கள் வீடுகளுக்கு நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில். அதன் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் பேசியதைத் தொகுத்தால் பெரிய புத்தகமே வரும். பேச்சு பெரும்பாலும் மார்க்கத்தைப் பற்றித்தான்.

அப்போது எனக்கு விவாத வெறி. எங்கள் ஆட்கள் சிலர் மண்டபம் பிடித்துப் போதகர்களை அழைத்து மேடையில் கேள்வி கேட்பார்கள். பூந்தமல்லியில் அப்படி நடந்த ஒரு கூட்டத்தில் நானும் மேடை ஏறினேன். அதற்காகவே ஒரு தமிழ் பைபிள் வாங்கி, எங்கே எது முரண்படுகிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். கூட்டத்தில் எனக்குப் பலத்த கைத்தட்டல். மறுநாள் அந்தப் பைபிளை மதிலின் மேல் வைத்துச் சாரிடமும் பெருமையடித்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரியே படிச்சிருக்கீங்க பாய். மார்க்கு எவ்ளோன்னு கடைசில போடலையே?"

அவர் என்னிடம் குர்ஆனின் தமிழாக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதில் ஒரு கோடும் போடாமல் முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இயேசுவின் தாய் மர்யமைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்ததாகச் சொன்னார். "பேறுகாலத்துக்குத் தன்னந்தனியா போய் ஒரு மரத்தடியில கெடக்குதே அந்தப் பொண்ணு. படிச்சிட்டு மூடி வைக்க மனசு வரல பாய். எங்க சபையில பாதி பேருக்கு உங்ககிட்ட இது கீதுன்னே தெரியாது" என்றார். வகுப்பில் இலக்கணம் பிசகாமல் பேசுகிறவர். மதிலோரம் வந்தால் பிறந்து வளர்ந்த அம்பத்தூர்ப் பிள்ளையாகிவிடுவார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் காலையில் டீ குடிக்கும் கடை ஒன்று இருந்தது. எங்கள் வாக்குவாதம் டீக்கடைக்காரருக்குத் தினசரிப் பத்திரிகை மாதிரி. "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கி ஜெயிச்சது யாரு? சாரா, பாயா?" என்பார். பதில் வருவதற்குள், "ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்துட்டு வந்தே சொல்லுங்கோ. இப்போ டீ ஆறுது, குடிங்கோ" என்பார்.

இருவரும் ஓய்வு பெற்று, பிள்ளைகள் தனித்தனியே போன பிறகு, சர்க்கரை நோய் சாரின் கண்களை எடுத்துக்கொண்டது. முதலில் எழுத்துகள் மங்கின. பிறகு பக்கமே மங்கியது. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாள் மதிலைத் தடவிக்கொண்டே வந்து கேட்டார்:

"பாய், உங்களால முடியும்னா, சாயங்காலம் கொஞ்சம் எனக்கு வேதம் படிச்சிக் காட்றீங்களா?"

அவருடைய மகள் கைப்பேசியில் வேதத்தை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அது மூச்சே வுடாம படிக்குது பாய். நில்லுன்னா நிக்காது. எங்கயாச்சும் அசந்துட்டா அடுத்த அதிகாரத்துக்குப் போயிடுது." மனைவி படித்துக் காட்டலாமே என்றேன். உள்ளே இருந்து அந்த அம்மாவே பதில் சொன்னார்: "நான் படிச்சா இவருக்குப் பொறுமை இல்லண்ணே. ஒரு வசனத்துக்கு நடுவுல ஒரு தடவ அடுப்ப பாக்க எழுந்திரிச்சா கோச்சிக்கிறாரு."

பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது எழுந்து வருவேன். இடையில் சர்க்கரை இல்லாத காபி, சுண்டல். தாவீதின் பாட்டுகளான சங்கீதங்களில் தொடங்கினோம். எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. தாவூது நபிக்கு வேதம் அருளப்பட்டது என்று நம்புகிறவன் நான். இப்ராஹீம், யூசுஃப், மூஸா என்று எனக்குப் பழக்கமானவர்கள் வேறு பெயர்களில் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் இருக்கும் கதை எங்கே வேறுபடுகிறது என்று நான் நிறுத்திச் சொல்வேன். அவர் தலையாட்டிக் கேட்பார். பென்சில் பிடித்துப் படித்தபோது கண்ணில் படாத அழகெல்லாம் சத்தமாகப் படித்தபோது தெரிந்தது. என் வாழ்வில் நான் மிகவும் நிம்மதியாக இருந்த மாலைகள் அவை. இன்றும் அந்த நேரம் வந்தால் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போகின்றன.

பழைய ஏற்பாடு தாண்டியதும்தான் தொல்லை. 'தேவனுடைய குமாரன்' என்ற சொல் முதல்முறை வந்தபோது என் நாக்கு நின்றுவிட்டது. நாங்கள் ஈசா நபி என்று சொல்லும் இயேசுவின் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் இறைவனுக்கு மகன் இல்லை என்பது எங்கள் நம்பிக்கையின் அடித்தளம். அந்தச் சொல்லை வாயால் சொல்லலாமா? யாரிடமும் கேட்கவில்லை. நானே ஒரு தந்திரம் செய்தேன். அந்த இடம் வந்தால் 'அவர்' என்று படித்தேன். அல்லது 'தேவனால் அனுப்பப்பட்டவர்' என்று படித்தேன். ஓட்டம் தடைபடாமல் மாற்றக் கற்றுக்கொண்டேன். அவருக்கு மனப்பாடமான பகுதிகளில் மட்டும் இருமல் வந்ததுபோல நிறுத்துவேன். அவரே அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிடுவார். ஈமான் என்று நாங்கள் சொல்லும் என் இறைநம்பிக்கையையும் காப்பாற்றிக்கொண்டேன், நட்பையும் காப்பாற்றிக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு மெத்தனம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

சாருக்கு அவருடைய சபையில் ஒரு பொறுப்பு இருந்தது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது. பல ஆண்டுகளாகச் செய்துவந்தார். கண் போன பிறகும் அதை விடவில்லை. பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், முன்னால் நின்று ஒப்பிப்பார். வாத்தியார் அல்லவா, நினைவாற்றல் அபாரம். சபையில் அவருக்கு இருந்த மரியாதை முழுவதும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். அவருக்கும் அதுதான் மிச்சமிருந்த பிடி.

ஒரு முறை புதிய ஏற்பாட்டின் கடிதங்களான நிருபங்களிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். அவருக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லாத பகுதி. "ஒரு வாரம் டைம் கீது பாய். தினமும் நாலு தடவ படிங்க, புடிச்சிக்கிறேன்" என்றார். படித்தேன். குமாரன் என்று வந்த இடங்களில் அனுப்பப்பட்டவர் என்றேன். அனுப்புவதைப் பற்றி அந்த நிருபத்திலேயே வேறு வரிகள் வருகின்றன. அதனால் அவர் காதுக்கு உறுத்தவில்லை. அவர் சபையில் போய் நின்று சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே படித்தேன். என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேனா, நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் போனபோது சார் நாற்காலியில் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர் மனைவிதான் சொன்னார். சபையில் எல்லோரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தொடர்ந்து வருகிறவர்கள். ஒரு தடவை மாற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் தடவை கிசுகிசுத்தார்கள். ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் ஒரு பெரியவர் வந்து, "சார், ரொம்ப வருஷம் ஊழியம் பண்ணிட்டீங்க. இனிமே முன்னாடி உக்காந்து கேளுங்க, அது போதும்" என்று தோளைத் தட்டியிருக்கிறார்.

"வேற எதுல தவறினாலும் பரவால்லண்ணே. எதுல தவறக்கூடாதோ அதுல தவறிட்டாரு. மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சுன்னு பேசிக்கிறாங்க. மக டாக்டர்கிட்ட காட்டணும்ங்கிறா. நூம்பல்ல அவ ஃபிளாட்டுக்கே வந்துடுங்கன்னு வேற சொல்றா" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார்.

"கண்ணு போச்சி, சரின்னு வுட்டேன் பாய். இப்போ மண்டையும் போவுது. நீங்க கரெக்டாத்தான் படிச்சிருப்பீங்க. என் மூளைதான் அத மாத்தி வச்சிக்கினு கீது. ராத்திரியெல்லாம் உக்காந்து பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பாத்தேன். வருது. ஆனா இதுவும் வந்துச்சின்னுதானே நெனச்சேன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

மாற்றிப் படித்ததைக்கூட ஏதோ ஒரு பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பதிலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஒரு மனிதர் தன் புத்தி கலங்குகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறார். அது கலங்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவருக்கு எதிரில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். பூந்தமல்லி மேடையில் அவருடைய ஆட்களைச் சொல்லால் மடக்க முயன்றவன், அவருடைய சபையில் அவர் வாயாலேயே என் நம்பிக்கையைச் சொல்ல வைத்துவிட்டேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவரை ஓரம் கட்டினார்கள்.

அடுத்த சில வாரங்கள் அவர் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்தார். எந்த ஆண்டு எந்த வகுப்பு, ஜன்னலோரம் உட்கார்ந்த பையன் யார், என் தொழிற்சாலை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "சரியா பாய்? சரியா?" என்று கேட்பார். சரி சார், சரி சார் என்பேன். வேதம் படிக்கச் சொல்லவில்லை. மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாகிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் சுபுஹு தொழுதபின் குர்ஆன் ஓதுவது என் வழக்கம். ஒரு நாள் காலையில் ஓதிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றேன். மஸீஹை, அதாவது ஈசாவை, இறைவனின் மகன் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள் என்று அங்கே வருகிறது. பிறகு அதற்கு மறுப்பும் வருகிறது. அவர்கள் சொல்வதை முதலில் அவர்கள் சொல்கிறபடியே சொல்லிவிட்டுத்தான் குர்ஆன் தன் பதிலைச் சொல்கிறது. சிறு வயதிலிருந்து அந்த வசனத்தை ஓதியிருக்கிறேன். தொழுகையில் இமாம் ஓதப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு முறையும் நாக்கு கூசியதில்லை. அரபியில் கூசாத நாக்கு தமிழில் எப்படிக் கூசியது? நான் காப்பாற்றியது ஈமானைத்தானா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. தொழிற்சாலையில் அளவு பிசகிய பாகத்தைச் சரியென்று முத்திரை குத்தி அனுப்பியவனை நான் வேலையை விட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பிறர் ஒப்படைத்த பொருளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கடமை, அமானிதம் என்போம். ஒரு கண்ணில்லாதவர் தன் வேதத்தை என்னிடம் ஒப்படைத்தார். நான் அதில் கை வைத்தேன்.

அன்றே ஆவடிக்குப் போய் அவருடைய சபையை நடத்தும் ஆயரைப் பார்த்தேன். இளைஞர். ஆலயத்தின் வெளியே பைக்கில் ஏறப்போனவர், தொப்பி போட்ட கிழவனைப் பார்த்து இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேணும்னேதான் மாத்திப் படிச்சீங்களா ஐயா?"

"ஆமா தம்பி. சாருக்கு மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க கமிட்டிக்கு நீங்கதான் சொல்லணும்."

 கோபப்படுவார் என்று நினைத்தேன். "சார்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்போ மொதல்ல அங்க போங்க ஐயா" என்றார்.

எளிதான இடத்துக்கு முதலில் போயிருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. நேரே சார் வீட்டுக்கு வந்தேன். உட்காராமல், நின்றுகொண்டே, ஆயரிடம் போய்வந்தது வரை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வந்தது கோபமே அல்ல.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆவல?" என்றார். "ஏய்! இங்க வா! எனக்கு ஒண்ணும் இல்லயாம்! மண்ட நல்லாத்தான் கீதாம்! அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி, டாக்டரும் வேணாம், நூம்பலும் வேணாம்னு சொல்லு!" சின்னப் பையன் மாதிரி நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி கரண்டியோடு ஓடி வந்து, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சிரிப்பு அடங்கியது. அவர் முகம் மெல்ல மாறியது.

"இத்தன நாளா இந்த எதிர் சேர்லதானே உக்காந்துக்கினு இருந்தீங்க?"

"ஆமா சார்."

"நான் வாய்ப்பாடு சொல்லச் சொல்லக் கேட்டுக்கினே?"

"ஆமா."

"உங்களால அந்த வார்த்தைய சொல்ல முடிலன்னா, சார், எனக்கு இங்க வாய் வரலன்னு சொன்னா நான் இன்னா உங்கள அடிக்கவா போறேன்? நானே சொல்லிக்கினு போயிருப்பேன். எனக்கு மின்ன ஆயர்கிட்ட வேற சொல்லிட்டு வந்துகிறீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "போயிட்டு வாங்க பாய்" என்றார்.

ரமலான் மாதம் முழுவதும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. அவர் வாசலைக் கடந்து பள்ளிவாசலுக்குப் போவேன், வருவேன். மதிலோரம் யாரும் நிற்க மாட்டார்கள். காலையில் நான் தனியாகக் கடையைக் கடந்து போனால் டீக்கடைக்காரர், "இன்னா பாய், பார்ட்னரு இல்லாத வர்றே? ஊட்ல சண்டன்னா கூட இவ்ளோ நாளு இருக்காதே" என்று சீண்டுவார். நோன்பு என்று சொல்லி நழுவிவிடுவேன். பெருநாளுக்கு மறுநாள் அந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "சாரு கூப்டாரு. பிரியாணி வரலயான்னு கேட்டாரு, போ."

போனேன். நான் கொண்டுபோன பிரியாணியைச் சார் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, படிங்க" என்றார். குமாரன் என்ற சொல் வரும்போது முன்னால் 'இங்கே எழுதியிருப்பது' என்று சேர்த்துப் படித்தேன். இரண்டு முறை பொறுத்தார். "இன்னா பாய், கோர்ட்ல சாட்சி வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க? சும்மா படிங்க. நீங்க கிறிஸ்தவரா மாறிட்டீங்கன்னு நான் சபையில போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார். அதன்பிறகு இருப்பதை இருக்கிறபடி படித்தேன். நான் அதை நம்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் நம்புகிறார் என்பது எனக்குத் தெரியும். மதிலின் இரண்டு பக்கமும் நின்று அத்தனை ஆண்டுகள் வாதாடியதில் நாங்கள் தொடாத இடம் அது. இறைவன் நினைத்திருந்தால் எல்லோரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருக்க முடியும் என்று எங்கள் வேதம் சொல்வதை மேடையில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன். அப்படி ஆக்காமல் விட்டதற்கு என்ன பொருள் என்று அந்த மாலைகளில்தான் யோசித்தேன்.

ஆயர் நான் கேட்டதைச் செய்தார். கமிட்டியில் பேசி, மறுபடியும் ஒரு ஞாயிறு பாடம் சொல்லச் சாரை அழைத்தார்கள். எதை வேண்டுமானாலும் அவரே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அந்த நிருபத்தைத்தான் எடுப்பார், தவறிய இடத்தை எல்லார் முன்னாலும் சரியாகச் சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் என் மனதும் கொஞ்சம் ஆறும் என்று ஆசைப்பட்டேன். மறுநாளே அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது வேணாம் பாய். சங்கீதத்துல ஒண்ணு சொல்றேன், எடுங்க" என்றார்.

அது தாவூது நபியின் பாட்டு. நான் எந்த இடத்திலும் தயங்க வேண்டாத பாட்டு. ஒரு வாரம் படித்துக் காட்டினேன். அந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஓர் எழுத்து பிசகவில்லை. கமிட்டிப் பெரியவர் முதல் ஆளாக எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "அந்த நிருபத்தையே சொல்லியிருக்கலாமே சார்?"

"அது ரொம்ப நீளம் பாய். வயசாவுதுல்ல, இது சின்னது. சீக்கிரம் மனசுல நிக்கும்" என்றார்.

அந்த நிருபத்தை அவர் கடைசிவரை சபையில் சொல்லவேயில்லை. போன ஆண்டு அவர் காலமானார். ஆட்டோவில் அவர் சொன்ன காரணம் உண்மையில்லை. சங்கீதம்தான் நீளம். இரண்டையும் படித்துக் காட்டியவன் நான்.